எத்தனை இணைப்பு, எவ்வளவு நேரம்?

கூட்டம் மொய்க்கும் நாளில் ஒரு வலைச் செயலி படுத்துவிட்டால், அதன் பதிவேட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் திரும்பத் திரும்பக் கிடக்கும்: இணைப்புகள் நிரம்பிவிட்டன, இனி யாரையும் சேர்க்க இடமில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவியவுடன் இருக்கும் உச்சவரம்பு 100. அதிலும் 3 நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்க்யூஎல்லில் 151. அந்த வரியைப் பார்த்ததும் கை தானாக அமைப்புக் கோப்புக்குப் போகும். 100ஐ 500 ஆக்கி, தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்கினால் பிழை மறைந்துவிடும். அடுத்த கூட்ட நாளில் வேறு புகார் வரும். இப்போது பிழை ஏதும் இல்லை. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

இந்த இரண்டு நாட்களையும் அனுபவித்தவர்கள் தேடிப் போகும் விஷயம்தான் கனெக்‌ஷன் பூலிங். திறந்த இணைப்புகளை மூடாமல் தொகுத்து வைத்து, கேட்பவருக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இணைப்புத் தொகுப்பு என்று சொல்லலாம். இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, தொகுப்பில் எத்தனை வைப்பது என்பது. அது பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. வாங்கிய இணைப்பை ஒருவர் எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறார் என்பது மறுபாதி. கனமான பாதியும் அதுவே.

ஓர் இணைப்பைத் திறப்பதற்கு ஆகும் செலவிலிருந்து தொடங்குவோம். முதலில் இரு இயந்திரங்களும் டிசிபி முறைப்படி கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். மறையாக்கம் உண்டென்றால் அதற்குத் தனியாகச் சில பரிமாற்றங்கள். பிறகு கடவுச்சொல் சோதனை. போஸ்ட்கிரெஸ் இப்போது பயன்படுத்தும் ஸ்கிராம் முறையில், கடவுச்சொல்லைத் திருடுபவனுக்கு வேலை கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே 4096 சுற்றுக் கணக்கு போடப்படுகிறது. அதன்பின் தரவுத்தளம் அந்த ஓர் இணைப்புக்கென்றே ஒரு புது ப்ராசஸைப் பெற்றெடுக்கிறது. அந்தப் ப்ராசஸுக்கு அட்டவணைகளின் அமைப்பு எதுவும் தெரியாது. முதல் சில கேள்விகளின்போதுதான் அதைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். இவ்வளவும் முடிந்து, ஒரு மில்லிநொடியில் பதில் கிடைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இணைப்பை மூடுகிறோம். கல்யாணப் பந்தல் போட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்த கதை.

மைஎஸ்க்யூஎல்லில் இணைப்புக்கு ஒரு த்ரெட் மட்டும்தான், ப்ராசஸ் இல்லை. செலவு குறைவு. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு தரம் திறந்து மூடும் பிஎச்பி செயலிகள் அதனோடு பல ஆண்டு நன்றாகவே ஓடின. பைத்தான் உலகின் ஜாங்கோவும் கோரிக்கை முடிந்ததும் இணைப்பை மூடுவதையே இயல்பு நடத்தையாக வைத்திருக்கிறது; போஸ்ட்கிரெஸுக்கான உண்மையான தொகுப்பு அதற்குள்ளேயே வந்தது 2024இல் வெளியான 5.1 பதிப்பில்தான். ஜாவாக்காரர்கள் மிக முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டவர்கள். இன்று அவர்களிடம் அதிகம் புழங்குவது ஹிகாரிசிபி. ஹிகாரி என்றால் ஜப்பானிய மொழியில் ஒளி. 2018இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.0 அதையே இயல்புத் தொகுப்பாக எடுத்துக்கொண்டது.

எத்தனை வைப்பது என்ற கேள்விக்குக் கணினிக்கு முன்பே வயதாகிவிட்டது. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு நான் சொல்வது புரியும். ஊரில் ஆயிரம் தொலைபேசி இருந்தாலும் வெளியூருக்குப் போகும் கம்பிகள் சிலவே. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடு நடந்தது. எத்தனை கம்பி போதும் என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங். அவருடைய முதல் கட்டுரை 1909இல் வந்தது. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிக் காட்டிய விதி இன்னும் எளிது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதுதான்.

இதை நம் செயலிக்குப் பொருத்திப் பார்க்கலாம். நொடிக்கு 300 கோரிக்கை வருகிறது. ஒவ்வொன்றும் இணைப்பை 20 மில்லிநொடி வைத்திருக்கிறது. சராசரியாகப் புழக்கத்தில் இருப்பது 6 இணைப்பு. ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டு 10 அல்லது 12 வைத்தால் போதும். அதே 300 கோரிக்கை, ஆனால் ஒவ்வொன்றும் இணைப்பைப் பிடித்துக்கொண்டே வெளியில் ஒரு சேவையை அழைத்து 800 மில்லிநொடி காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவை 240 ஆகிவிடும். வந்த கூட்டம் கூடவில்லை, தரவுத்தளத்தின் வேலையும் கூடவில்லை. கையில் வைத்திருந்த நேரம் மட்டும் 40 மடங்கானது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இங்கே 240 இணைப்பு கேட்டு நிற்பார்.

சரி, 240ஐயே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். 8 கோர் உள்ள இயந்திரம் ஒரு கணத்தில் 8 வேலையைத்தான் உண்மையில் செய்ய முடியும். மற்றவை முறைவைத்து மாறி மாறி ஓடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு உண்டு. பூட்டுகளுக்கான போட்டி கூடும், வட்டுக்கு முன்னால் நெரிசல் கூடும். நினைவகமும் இருக்கிறது: போஸ்ட்கிரெஸில் வரிசைப்படுத்துவது போன்ற ஒவ்வொரு செயலுக்கும் இயல்பாக 4 மெகாபைட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு, அது ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. ஆரக்கிளின் செயல்திறன் குழு செய்துகாட்டிய ஒரு பரிசோதனை இத்துறையில் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. வேறு எதையும் தொடாமல் தொகுப்பின் அளவை மட்டும் குறைத்தார்கள். ஏறத்தாழ 100 மில்லிநொடியாக இருந்த பதில் நேரம் ஏறத்தாழ 2 மில்லிநொடிக்கு இறங்கியது. குறைத்ததால் வேகம் கூடியது என்பதைக் கண்ணால் பார்க்கும்வரை யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை.

போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் புழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, சுழலும் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டு. 4 கோரும் ஒரு வட்டும் என்றால் 9. ஹிகாரிசிபி இயல்பாக வைத்திருக்கும் 10 இதை ஒட்டியே நிற்கிறது. வட்டு சுழலாத எஸ்எஸ்டி காலத்தில் அந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருள் மங்கிவிட்டது. ஆனாலும் சூத்திரம் சொல்லும் அளவை, அதாவது பத்துகளில் யோசி, நூறுகளில் யோசிக்காதே என்பதை, நான் இன்னும் நம்புகிறேன். தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, உங்கள் செயலியின் சுமையை ஏற்றி அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிறிய தொகுப்பில் ஓர் ஆபத்து உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ஒரு த்ரெட் ஓர் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்டால் என்ன ஆகும்? முதன்மைப் பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது தணிக்கைக் குறிப்பைத் தனிப் பரிவர்த்தனையாக எழுதும் நிரல்களில் இது சாதாரணம். தொகுப்பில் 10, வந்த த்ரெட்களும் 10; பத்தும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டு இரண்டாவதற்குக் கைநீட்டி நிற்கும். யாரும் கொடுக்கப்போவதில்லை. த்ரெட் எண்ணிக்கையை, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் உச்ச இணைப்புகளில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, ஒன்று கூட்டினால் இந்த முட்டுக்கட்டை வராது. 3 த்ரெட், ஒவ்வொன்றுக்கும் 4 என்றால், 10. எனினும் ஒரு கோரிக்கைக்கு ஓர் இணைப்பு என்று நிரலைத் திருத்துவதே சரியான வைத்தியம்.

கையில் வைத்திருக்கும் நேரத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது ஒரு மாலை. நான் வேலை பார்த்த ஒரு குழு நிகழ்ச்சிகளுக்கு இருக்கை பதியும் செயலி ஒன்றை நடத்திவந்தது. பரிவர்த்தனையைத் தொடங்குவோம், இருக்கையைப் பூட்டுவோம், பணம் வாங்கும் சேவையை அழைப்போம், பதில் வந்ததும் இருக்கையை உறுதிசெய்து பரிவர்த்தனையை முடிப்போம். பணச் சேவை வழக்கமாக அரை நொடிக்குள் பதில் சொல்லிவிடும். அன்று மாலை 8 நொடி எடுத்தது. எங்கள் தொகுப்பில் இருந்தவை 20 இணைப்பு. ஒவ்வொன்றும் 8 நொடி வெளியே நின்றால், நொடிக்கு இரண்டரைப் பதிவுதான் நடக்கும். அதைவிடக் கொடுமை, முகப்புப் பக்கமும் தேடலும் அதே தொகுப்பையே நம்பியிருந்தன. பணம் கட்டாதவர்கள்கூட உள்ளே வரமுடியவில்லை. தரவுத்தள இயந்திரமோ ஏறத்தாழச் சும்மா இருந்தது. நாங்கள் அன்றிரவு 20ஐ 60 ஆக்கினோம். அடுத்த வாரம் பணச் சேவை மீண்டும் தடுமாறியபோது 60உம் நிரம்பியது.

தீர்வு எண்ணில் இல்லை, வரிசையில் இருந்தது. இருக்கையை 'நிலுவை' என்று குறித்து முதல் பரிவர்த்தனையை உடனே முடித்துவிட வேண்டும். இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணச் சேவையை அழைக்க வேண்டும். பதில் வந்ததும் இரண்டாவதாக ஒரு சின்னப் பரிவர்த்தனை. நடுவில் செயலி செத்துப்போனால் நிலுவையாகக் கிடக்கும் இருக்கைகளைப் பணச் சேவையிடம் கேட்டுச் சரிபார்க்கத் தனி வேலை ஒன்று ஓட வேண்டும். நிரல் நீளமானது, யோசனையும் கூடியது. ஆனால் இணைப்பு கையில் இருக்கும் நேரம் சில மில்லிநொடிக்கு வந்துவிட்டது. 60 வைத்த தொகுப்பைப் பிறகு 12 ஆக்கினோம்.

இப்படிப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிட்டு வேறு எதற்கோ காத்திருக்கும் இணைப்பைப் போஸ்ட்கிரெஸ் தனி நிலையாகவே காட்டும்: 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்'. அது இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. அது பிடித்திருக்கும் பூட்டுகளுக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள். பழைய வரிகளைக் கூட்டிப் பெருக்கும் வேக்கம் வேலையும் அதனால் தடைபடும். மணிக்கணக்கில் நீடித்தால் அட்டவணை ஊதிப்போகும். இவற்றைக் காலக்கெடு வைத்து வெட்டிவிடும் வசதி 2016இல் 9.6 பதிப்பிலேயே வந்துவிட்டது, ஆனால் நாமாக இயக்கினால்தான் இயங்கும். ஸ்பிரிங் பூட்டில் இன்னொரு பொறி: பக்கம் முழுதும் வரைந்து முடியும்வரை தரவுத்தள அமர்வைத் திறந்தே வைத்திருக்கும் ஓர் அமைப்பு இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். அதை அணைப்பதுதான் புதுத் திட்டங்களில் என் முதல் வேலை. இணைப்பை வாங்கிவிட்டுத் திருப்பித் தராத நிரல் வேறு ரகம். வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போனவன் மாதிரி. பிழை நேரும் பாதையில் மூட மறந்திருப்பார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கசிந்து, ஒருநாள் தொகுப்பு காலியாகிவிடும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் திரும்பாத இணைப்பை எந்த வரி வாங்கியது என்று காட்டிக்கொடுக்கும் வசதி ஹிகாரியில் உண்டு. சோதனைச் சூழலிலாவது அதை இயக்கி வையுங்கள்.

இதுவரை ஒரே ஒரு செயலி ஓடுவதுபோலப் பேசிவந்தேன். உண்மையில் அப்படி எங்கே இருக்கிறது? 10 இணைப்புத் தொகுப்போடு ஒரு கண்டெய்னர் சமர்த்தாக இருக்கும். கூட்டம் கூடியதும் குபேர்நெட்டிஸ் அதை 12 கண்டெய்னர் ஆக்கினால் 120 இணைப்பு, போஸ்ட்கிரெஸில் நிர்வாகிக்குப் போக மிஞ்சும் 97ஐத் தாண்டியாயிற்று. புதுப் பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சற்று நேரம் சேர்ந்தே உயிரோடு இருக்கும், அப்போது இன்னும் மோசம். பைத்தானில் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் இயல்பு 5 இணைப்பு, நெருக்கடிக்கு மேலும் 10. ஆக ஒரு ப்ராசஸுக்கு 15. ஒரு சர்வரில் 8 ப்ராசஸ் ஓடினால் 120. கோ மொழியின் சொந்த நூலகத்தில் உச்சவரம்பே கிடையாது, நாம் வைத்தால்தான் உண்டு. சும்மா இருக்கும்போது மிச்சம் வைத்துக்கொள்வதோ 2 மட்டும். இரண்டும் சேர்ந்தால் கூட்ட நேரத்தில் திறந்து மூடித் திறந்து மூடியே இயந்திரம் களைத்துப்போகும். ஒவ்வொரு தொகுப்பும் தன்னை மட்டும் பார்க்கிறது, மொத்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

பெருக்கல் கைமீறும் இடத்தில்தான் நடுவில் ஒரு காவலாளி வேண்டியிருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு அந்தக் காவலாளி பிஜிபவுன்சர். எஸ்டோனியாவில் ஸ்கைப் தன் தரவுத்தளங்களுக்காக உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தொடக்கத்தில் எழுதியவர் மார்கோ கிரீன். செயலிகள் நிறைய இணைப்புகளை இதனோடு திறந்துகொள்ளலாம். இது தரவுத்தளத்தோடு சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பங்கிட்டுக் கொடுக்கும். நிறுவிவிட்டுப் பயனே இல்லை என்று சொல்பவர்கள் பலர். காரணம், இயல்பு நிலையில் அது அமர்வு முறையில் ஓடும்: செயலி துண்டிக்கும்வரை இணைப்பு அதற்கே சொந்தம். செயலிக்குள்ளேயே தொகுப்பு இருந்தால் அது துண்டிக்கப்போவதில்லை. பரிவர்த்தனை முறைக்கு மாற்றினால்தான் ஒவ்வொரு பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பு பொதுவுக்குத் திரும்பும்.

அப்படி மாற்றுவதற்கு முன் நிரலை ஒருமுறை முழுதாகப் படித்தாக வேண்டும். அடுத்த பரிவர்த்தனை வேறொரு இணைப்பில் நடக்கலாம் என்பதால், அமர்வை நம்பிய எதுவும் செல்லாது. தற்காலிக அட்டவணை, அமர்வு அளவிலான பூட்டு, அறிவிப்புக்காகக் காதுகொடுத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கேள்விகளும் நெடுங்காலம் தகராறு செய்தன. 2023இல் வந்த 1.21 பதிப்புதான் அதைத் தீர்த்தது. என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி ஸ்கீமா வைத்து, கோரிக்கையின் தொடக்கத்தில் தேடுபாதையை மாற்றிக்கொள்ளும் செயலிகள் நிறைய உண்டு. பரிவர்த்தனை முறையில் அந்த மாற்றம் இணைப்போடு ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு இன்னொருவர் திரையில் தெரியும். வேகம் குறைந்தால் மன்னிப்புக் கேட்கலாம், இதற்குக் கேட்க முடியாது. பரிவர்த்தனைக்குள் மட்டும் செல்லுபடியாகும்படி மாற்றும் கட்டளை இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு ப்ராக்சிஎஸ்க்யூஎல் இதே வேலையைச் செய்கிறது. அமேசானின் ஆர்டிஎஸ் ப்ராக்சி 2020இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அமர்வின் நிலையை யாராவது மாற்றினால் அந்த இணைப்பை அவருக்கே கட்டிப்போட்டுவிடும். பாதுகாப்பானது, ஆனால் பகிர்வின் பயன் அங்கே போய்விடும். லாம்டா போன்ற சர்வர்லெஸ் ஏற்பாட்டில் ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைத்தான் கவனிக்கும். அதற்குள் 10 இணைப்புத் தொகுப்பு வைப்பதில் பொருளில்லை. 1 வைத்துவிட்டு வெளியே காவலாளி வைப்பதுதான் முறை.

காவலாளியே வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. பழைய போஸ்ட்கிரெஸில் சும்மா கிடக்கும் இணைப்புகூட மற்றவர்களை மெதுவாக்கியது; பரிவர்த்தனைக்கான காட்சிநிலையைக் கணிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளையும் நோட்டமிட வேண்டியிருந்தது. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் செய்த திருத்தங்களால் 2021இல் வெளியான 14ஆம் பதிப்பில் அந்தச் சுமை பெருமளவு இறங்கியது. சும்மா இருக்கும் சில நூறு இணைப்புகள் இன்று முன்போல் கேடு செய்வதில்லை. ஆனால் சும்மா இருப்பவை எல்லாம் ஒரே நொடியில் விழித்துக்கொண்டால்? கோர்கள் கூடவில்லையே. இயந்திரங்கள் இரண்டு மூன்றோடு நிற்கும் செயலிக்குக் காவலாளி தேவையில்லை என்பேன். தானாகப் பெருகும் செயலிக்குத் தேவை.

திறந்துவைத்த இணைப்பு நமக்குத் தெரியாமல் சாகவும் செய்யும். அமேசானின் நாட் வாயில் 350 நொடி பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடும். மைஎஸ்க்யூஎல் 28800 நொடி, அதாவது 8 மணி நேரம், பொறுத்துப் பார்த்துத் துண்டிக்கும். இரவில் யாரும் வராத அலுவலகச் செயலியில் காலை முதல் ஆளுக்கு மட்டும் பிழை வருவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். லினக்ஸ் இயல்பாக 7200 நொடி கழித்துத்தான் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். வழியில் இருக்கும் வாயில் அதற்கு வெகு முன்பே கதவை அடைத்திருக்கும். எனவே தொகுப்பில் ஓர் இணைப்பின் ஆயுளை, வழியில் இருப்பவற்றில் எது மிகக் குறைவோ அதற்கும் கீழே வைக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குள் உயிர்த்துடிப்பு அனுப்ப வேண்டும். ஹிகாரியின் இயல்பு ஆயுள் 30 நிமிடம். உயிர்த்துடிப்பு இல்லையென்றால், 350 நொடி வாயிலுக்குப் பின்னால் அது மிக நீளம். ப்ராசஸைக் கிளைத்துப் பிரிக்கும் சர்வர்களில் கிளைத்த பிறகுதான் தொகுப்பைத் திறக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பே திறந்தால் இரண்டு ப்ராசஸ் ஒரே சாக்கெட்டில் பேசி, ஒருவர் கேட்டதற்கான பதில் மற்றவருக்குப் போகும்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் கூட்டம் வரும், வரிசை நிற்கும். ஹிகாரியும் எஸ்க்யூஎல்ஆல்கெமியும் இணைப்புக்காக 30 நொடி காத்திருக்க அனுமதிக்கின்றன. இது எனக்கு உடன்பாடில்லை. திரையின் முன் இருப்பவர் 5 நொடியில் பொறுமை இழந்து பக்கத்தை மறுபடி தட்டுவார். பழைய கோரிக்கை வரிசையிலேயே நிற்கும், புதியதும் பின்னால் வந்து சேரும். செயலி போய்விட்டவர்களுக்காக உழைத்துக்கொண்டிருக்கும். நான் 2 நொடி வைக்கிறேன். அதற்குள் கிடைக்காவிட்டால் 'சற்று நேரம் கழித்து வாருங்கள்' என்று உடனே சொல்லிவிடுவது நல்லது. கண்காணிப்புத் திரையில் நான் முதலில் வைப்பதும் புழக்கத்தில் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கை அல்ல. இணைப்பு கிடைக்க ஒரு கோரிக்கை காத்திருந்த நேரம், கிடைத்ததை அது கையில் வைத்திருந்த நேரம் ஆகிய இரண்டு கோடுகள். முதல் கோடு ஏறும்போது இரண்டாவதைப் பார்ப்பேன். இரண்டாவதும் ஏறியிருந்தால் நிரலைத் திறப்பேன். அது அசையாமல் இருந்தால் மட்டுமே அமைப்புக் கோப்பு.